ஆயிரம் ஓம் போதும் என்ற மனம்

கொடைரோடு என்றதும் பலருக்கு நினைவு வருவது மலைக்குப் போகும் பேருந்துதான். ரயிலைவிட்டு இறங்கி மேலே ஏறுகிற அவசரத்தில், கீழே இருக்கும் ஊரை யாரும் நின்று பார்ப்பதில்லை. அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டைப் பக்கம் தென்னையும் திராட்சைப் பந்தலும் சந்தைக்குப் போகிற மல்லிகையுமாக இருக்கிற இந்த நிலத்துக்குத் தண்ணீர் கொடுப்பவை கிணறும் போரும். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு மோட்டார் கொட்டகை. கொட்டகைச் சுவரில் ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டரை ஒட்டி ஒரு சின்னப் பெட்டி. மும்முனை மின்சாரம் முறைவைத்து வந்த காலத்தில் ‘ஆட்டோ’ என்ற பெயரில் நுழைந்த பெட்டி அது. இன்றைக்கு ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது, போரில் தண்ணீர் வற்றினால் நிறுத்துவது, வீட்டிலிருந்தபடியே கைபேசியில் போட்டு அணைப்பது என்று பல வேலைகளை அது எடுத்துக்கொண்டிருக்கிறது. கைபேசியில் இயங்கும் வகைக்கு வேளாண் பொறியியல் துறை மானியமும் தருகிறது. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு ரிலே (காயிலில் மின்னோட்டம் ஓடினால் இழுத்துக்கொள்ளும் சுவிட்ச்), அதை இயக்க ஒரு டிரான்சிஸ்டர், டிரான்சிஸ்டரின் காலில் பழுப்பு, கறுப்பு, சிவப்புக் கோடு போட்ட ஒரு ரெசிஸ்டர். ஆயிரம் ஓம், கடை மொழியில் ‘ஒன் கே’. ஏன் ஒன் கே என்று கேட்டால், எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிற பதில். ஒரு ரூபாய்கூடப் பெறாத அந்த ரெசிஸ்டரின் மதிப்பை ஏன் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும், நம் பாடத்திட்டம் அந்தக் கணக்கை ஏன் தலைகீழாகச் சொல்லித்தருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள். பள்ளிப் புத்தகம் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்கிறது; பட்டறையில் எமிட்டர், பேஸ், கலெக்டர். (இந்தக் கலெக்டரிடம் மனு கொடுக்க முடியாது.) பேஸில் சிறிதளவு மின்னோட்டம் கொடுத்தால் கலெக்டர் வழியே பெரிய மின்னோட்டம் ஓடும். இரண்டுக்கும் உள்ள விகிதம் பீட்டா. ஒலிபெருக்கிக்கு இந்த விகிதம்தான் உயிர். ஆனால் ரிலேயை இயக்கும்போது டிரான்சிஸ்டர் எதையும் பெருக்க வேண்டியதில்லை. வீட்டுச் சுவிட்சைப் போல முழுதாகத் திறக்க வேண்டும், இல்லையென்றால் முழுதாக மூட வேண்டும். பாதித் திறப்புதான் ஆபத்து. முழுதாகத் திறந்த நிலையில் டிரான்சிஸ்டரின் குறுக்கே 0.2 வோல்ட் போலத்தான் நிற்கும், சூடே தெரியாது. பாதி திறந்தால் மின்னழுத்தத்தின் ஒரு பங்கை ரிலேயின் காயிலுக்குப் போகவிடாமல் அது தானே விழுங்கிவிடும். காயிலுக்கு வலு போதாது, டிரான்சிஸ்டருக்கோ வேண்டாத சூடு. பேஸ் ரெசிஸ்டரின் ஒரே வேலை, இந்தப் பாதி நிலை வராமல் பார்த்துக்கொள்கிற அளவுக்கு மின்னோட்டத்தை விடுவதும், பேஸும் சிக்னல் கொடுக்கும் கருவியும் கெடாத அளவுக்கு அதை அடக்கி வைப்பதும்.

பாடத்தில் கோளாறு தொடங்குவது இங்கேதான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலிலும் பாலிடெக்னிக் முதல் ஆண்டுகளிலும் டிரான்சிஸ்டர் கணக்கு ஒரே அச்சில் வரும்: பீட்டா 100, கலெக்டர் மின்னோட்டம் இவ்வளவு, பேஸ் மின்னோட்டம் எவ்வளவு? வகுத்தால் விடை, இரண்டு மதிப்பெண். இந்தக் கணக்கை நூறு முறை போட்ட பிள்ளை, பீட்டா என்பது டிரான்சிஸ்டரின் மேல் அச்சடித்த எண் என்றே நம்பிவிடும். உண்மை என்ன? கடைகளில் அதிகம் விற்கும் பிசி 547 டிரான்சிஸ்டருக்குத் தயாரிப்பாளர் தரும் டேட்டா ஷீட்டில் பீட்டாவுக்கு ஒரு எண் கிடையாது. 110 முதல் 800 வரை என்ற வீச்சுதான் உண்டு. ஏ வகை 110 முதல் 220, பி வகை 200 முதல் 450, சி வகை 420 முதல் 800. சிலிக்கான் சில்லில் பேஸ் என்பது மிக மெல்லிய அடுக்கு. அதன் தடிமனிலும் கலப்பிலும் துளி வேறுபாடு வந்தாலும் பீட்டா எங்கேயோ போய் நிற்கும். ஆகவே தொழிற்சாலையில் செய்து முடித்தபின் அளந்து, திராட்சையைத் தரம் பிரிப்பதுபோலப் பிரித்துப் பையில் போடுகிறார்கள்.

இப்போது ஒரு பையன் தேர்வுக்குப் படித்த வழியிலேயே பெட்டி செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரைக் கட்டி அளவில் இருக்கும் 5 வோல்ட் ரிலே. காயில் 70 ஓம். அதற்கு வேண்டியது 71 மில்லி ஆம்பியர். மல்டிமீட்டரில் டிரான்சிஸ்டரைச் செருகிப் பார்க்கிறான், பீட்டா 200. எழுபத்தொன்றை இருநூறால் வகுத்தால் 0.355 மில்லி ஆம்பியர். சிக்னல் 5 வோல்ட், பேஸில் 0.7 போக மீதி 4.3, ரெசிஸ்டர் ஏறத்தாழ 12 ஆயிரம் ஓம். பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு. மாட்டினால் ரிலே ‘டக்’ என்று இழுக்கிறது. கணக்கு சரி, பெட்டியும் ஓடுகிறது. ஆறு மாதம் கழித்து இடி விழுந்தோ வேறு காரணத்தாலோ அந்த டிரான்சிஸ்டர் போகிறது. கடையில் அதே பிசி 547 வாங்கி மாட்டுகிறார்கள். அதன் பீட்டா 120. அதுவும் நல்ல சரக்குதான், டேட்டா ஷீட் சொன்ன எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் இப்போது காயிலில் ஓடுவது 43 மில்லி ஆம்பியர், காயிலின் குறுக்கே 3 வோல்ட். இவ்வகை ரிலே குறித்த மின்னழுத்தத்தில் 75 சதவீதம், அதாவது 3.75 வோல்ட் வந்தால்தான் கட்டாயம் இழுக்கும். மூன்றுக்கு அது இழுத்தால் அதிர்ஷ்டம். ‘டூப்ளிகேட் டிரான்சிஸ்டர் கொடுத்துவிட்டான்’ என்ற பழி கடைக்காரர் தலையில் விழும்.

இதில் கொடைரோட்டுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே செய்த பெட்டி மலைக்கும் போகும். பீட்டா வெப்பத்தோடு ஏறும், குளிரோடு இறங்கும். சித்திரை வெயிலில் அடிவாரத்துப் பட்டறையில் 170 காட்டிய டிரான்சிஸ்டர், மார்கழி இரவில் கொடைக்கானலில் முப்பது டிகிரி இறங்கியதும் பத்துப் பதினைந்து சதவீதம் குறைந்து 145 பக்கம் வந்து நிற்கும். அந்த 12 ஆயிரம் ஓமோடு ரிலே கட்டாயம் இழுக்க வேண்டுமானால் பீட்டா 150 வேண்டும். கீழே ஓடியது மேலே ஓடாது. மறுநாள் வெயில் ஏறியதும் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். பழுது பார்க்கப் போகிறவருக்கு இதைவிட எரிச்சலூட்டும் கோளாறு கிடையாது. அவர் போய்ச் சேரும்போது பெட்டி நன்றாக இருக்கும்.

இதற்கெல்லாம் மருந்து டேட்டா ஷீட்டிலேயே இருக்கிறது. பீட்டா எழுதிய வரியில் அல்ல, அதற்குக் கீழே முழுதாகத் திறந்த, அதாவது தெவிட்டிய, நிலையைச் சொல்லும் வரியில். அங்கே பிசி 547-க்கு 10 மில்லி ஆம்பியர் ஓட 0.5 கொடு, 100 ஓட 5 கொடு என்று எழுதியிருக்கும். இரண்டிலும் விகிதம் 20. ‘எனக்கு 200 இருக்கலாம், 600 இருக்கலாம், அதை நம்பாதே, இருபதுக்கு ஒன்று கொடுத்தால் நான் முழுதாகத் திறப்பேன்’ என்று டிரான்சிஸ்டர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. 2என்2222 என்ற இன்னொரு டிரான்சிஸ்டருக்கு அந்த விகிதம் 10. ஆகவே சுவிட்ச் கணக்கு டிரான்சிஸ்டரிலிருந்து தொடங்கக் கூடாது. இயக்கப்போகும் சுமையிலிருந்து தொடங்க வேண்டும். காயிலுக்கு 71 வேண்டும். இருபதால் வகுத்தால் 3.6 மில்லி ஆம்பியர், 4.3 வோல்ட்டை அதால் வகுத்தால் 1,190 ஓம் போல வரும். கடையில் கிடைப்பதில் அதற்குக் கீழே எடுத்தால் ஆயிரம். ஓம் விதி தெரிந்த யாரும் போடக்கூடிய கணக்கு. நம் இயற்பியல் புத்தகங்கள் சுவிட்சைச் ‘சாவி’ என்கின்றன. திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்தச் சொல்லைச் சும்மா தாண்டிப் போக முடியாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டில், உள்ளே இருக்கும் நெம்புகளுக்கு ஏற்பத்தான் சாவியின் பல்லை ராவுவார்கள். சாவியை முதலில் செய்துவைத்துவிட்டுப் பூட்டைத் தேடுகிறவர் அங்கே யாரும் இல்லை.

விடை கடைசியில் ஆயிரம்தானே வந்தது, பழைய ஆட்கள் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். சரிதான். எவரோ ஒருவர் எப்போதோ 5 வோல்ட்டுக்கும் சின்ன ரிலேக்கும் கணக்குப் போட்டு எடுத்த விடை அது. செய்முறை காணாமல் போய் விடை மட்டும் வாய்வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. கேள்வி மாறாதவரை அந்த விடை ஓடும். ஆனால் கேள்வி மாறிவிட்டது. இன்று பிள்ளைகள் கையில் இருக்கும் வைஃபை பலகைகள் 5 வோல்ட் தருவதில்லை, 3.3 தான். அதில் 0.7 போனால் 2.6, ஆயிரம் ஓமில் 2.6 மில்லி ஆம்பியர். இருபதால் பெருக்கினால் உறுதியாகக் கிடைப்பது 52. காயில் கேட்பது 71. பெரும்பாலான டிரான்சிஸ்டர்கள் பெருந்தன்மையாக மீதியைச் சமாளித்துவிடும், மறுப்பதற்கில்லை. ஆனால் இனிமேல் ஓடுவது கணக்கால் அல்ல, பெருந்தன்மையால். அப்படியானால் குறைவாகவே போட்டுவிடலாமே, நூறு ஓம் போட்டால் எல்லாம் திறக்குமே என்பது அடுத்த யோசனை. 5 வோல்ட் ஆர்டுயினோ பலகையில் நூறு ஓம் என்றால் 43 மில்லி ஆம்பியர். அந்தப் பலகையில் இருக்கும் சில்லின் ஒரு கால் தாங்கும் உச்ச எல்லையே 40, நிம்மதியாகக் கொடுப்பது 20. டிரான்சிஸ்டரைக் காப்பாற்றிவிட்டு அதைவிட விலை கூடிய பொருளைச் சாகக் கொடுப்பது என்ன சிக்கனம்?

கணக்கின் உண்மையான பலன் ரெசிஸ்டரின் மதிப்பைச் சொல்வதைவிட, ‘இது ஆகாது’ என்று முன்கூட்டியே சொல்வதில் இருக்கிறது. சொட்டுநீர்க் குழாயில் வைக்கும் 12 வோல்ட் வால்வு ஒன்று அரை ஆம்பியர் எடுக்கிறது என்போம். பிசி 547 நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. அதனால் பிடி 139-ஐ எடுக்கிறார்கள். ஒன்றரை ஆம்பியர் தாங்கும் டிரான்சிஸ்டர், தேர்வில் தவறில்லை. பேஸில் பழக்கப்படி ஒன் கே. இப்போது டேட்டா ஷீட்டைப் பாருங்கள்: அரை ஆம்பியர் ஓட 50 மில்லி ஆம்பியர் கொடு என்கிறது. நாம் கொடுப்பது 4.3. பீட்டா 60 உள்ள ஒன்று மாட்டினால் வால்வுக்குப் போவது கால் ஆம்பியர் போல, வால்வின் குறுக்கே ஆறு வோல்ட், மீதி ஆறு டிரான்சிஸ்டரின் தலையில். ஒன்றரை வாட் சூடு. அலுமினியத் தகடு வைக்காமல் 25 டிகிரி நிழலிலேயே அது தாங்குவது ஒன்றேகால் வாட். தகரக் கூரைக் கொட்டகையில் வைகாசி மதியம் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ரெசிஸ்டரைக் குறைத்து 50 மில்லி ஆம்பியர் கொடுக்கலாம் என்றால், பலகையின் கால் அதைத் தராது. ஆக, எந்த ரெசிஸ்டர் போட்டாலும் இந்தச் சுற்று தேறாது; ஒன்று மற்றொன்றை இயக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களான டார்லிங்டன் ஜோடியோ மாஸ்ஃபெட்டோ வேண்டும். இதைத் தாளில் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம். தோட்டத்தில் கண்டுபிடிக்க ஒரு கோடைக்காலம்.

ரெசிஸ்டரே கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் சுற்று ஒன்று உண்டு. தொட்டி நிறைந்தால் மணியடிக்கும், அல்லது மோட்டாரை நிறுத்தும், கம்பி வைத்த கருவி. பள்ளிக் கண்காட்சிகளில் தவறாமல் இடம்பிடிப்பது. தொட்டிக்குள் இரண்டு கம்பிகள். தண்ணீர் இரண்டையும் தொட்டதும் தண்ணீரின் வழியே பேஸுக்கு மின்னோட்டம் போகும். அங்கே பேஸ் ரெசிஸ்டர் தண்ணீர்தான். அதன் மதிப்பை யார் அளந்தார்கள்? மழைநீரின் மின்கடத்துதிறன் ஒரு சென்டிமீட்டருக்குச் சில பத்து மைக்ரோசீமென்ஸ். பாறை நிலத்தில் ஆழத்துப் போரிலிருந்து வரும் உப்பேறிய நீர் ஈராயிரத்தைத் தாண்டும். போர்த் தண்ணீரில் அந்த இரு கம்பிகளுக்கு நடுவே மூவாயிரம் ஓம் இருந்தால், மழைநீரில் அதே இடைவெளி இரண்டு லட்சம் ஓம் காட்டலாம். 12 வோல்ட், 30 மில்லி ஆம்பியர் ரிலேக்கு இருபதுக்கு ஒன்று என்றால் ஒன்றரை மில்லி ஆம்பியர் வேண்டும்; வழியில் இருக்கும் தடை மொத்தமும் ஏழரை ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. போர்த் தண்ணீரில் அது நடக்கும். ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்துத் தண்ணீரோ ஐப்பசி மழைத் தண்ணீரோ தொட்டியில் விழுந்த நாளில், தண்ணீர் வழிந்து ஓடினாலும் ரிலே அசையாமல் போகலாம். கம்பியிலும் நாளாக நாளாக உப்புப் படிந்து தடை கூடிக்கொண்டே போகும். மேல்மட்டம் அலையடிக்கும்போது கம்பியைத் தொட்டும் விட்டும் ரிலே படபடக்கும். அதைப் பின்பற்றி ஸ்டார்ட்டரும் அடித்துக்கொள்ளும். மோட்டார் நேரடியாகக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் சாதாரணமாக எடுப்பதைப்போல ஆறு ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பிள்ளைகளின் கண்காட்சிக்கு மணியடித்தால் போதும். மூன்று குதிரைத்திறன் மோட்டாரின் முன்னால் அதையே கொண்டுபோய் நிறுத்துவதில்தான் விபரீதம்.

‘இதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாம் ரெடிமேட் சில்லில் வந்துவிட்டது’ என்பது அடுத்த மறுப்பு. வந்துவிட்டதுதான். யுஎல்என் 2003 என்ற சில்லில் ஏழு டார்லிங்டன் ஜோடிகள் இருக்கின்றன; ரெசிஸ்டர் போட வேண்டியதே இல்லை. ஏன் வேண்டாம்? ஒவ்வொன்றின் பேஸிலும் 2,700 ஓம் உள்ளேயே வைத்திருக்கிறார்கள், 5 வோல்ட் சிக்னலுக்கு என்று கணக்கிட்டு. 6 முதல் 15 வோல்ட் வரையுள்ள சிக்னலுக்கு யுஎல்என் 2004 என்று தனிச் சில் உண்டு; அதில் 10,500 ஓம். கணக்கு ஒழிந்துவிடவில்லை, நமக்குப் பதிலாக வேறொருவர் போட்டுத் தந்திருக்கிறார், அதுவும் வோல்ட்டுக்கு வோல்ட் தனித்தனியாக. எது நமக்கானது என்று தேர்ந்தெடுக்க அதே அறிவு வேண்டும். மாஸ்ஃபெட்டில் பேஸும் இல்லை, ரெசிஸ்டர் கணக்கும் இல்லை என்பார்கள். ஐஆர்எஃப் 540 என்ற மாஸ்ஃபெட்டை 3.3 வோல்ட் பலகையோடு மாட்டிவிட்டு ‘சூடாகிறது’ என்பவர் செய்வது அதே பிழைதான். அதன் டேட்டா ஷீட் முழுத் திறப்புக்குக் கேட்பது 10 வோல்ட். இரண்டு முதல் நான்கு என்று இன்னொரு வரியில் போட்டிருப்பது திறக்கத் தொடங்கும் இடம். தொடக்கத்தை முழுமை என்று படிப்பது, பீட்டாவை உறுதிமொழி என்று படிப்பதற்குத் தம்பி.

மோட்டார் எரிவதற்கெல்லாம் பேஸ் ரெசிஸ்டர்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ஃபேஸ் போவது, வோல்டேஜ் இறங்குவது, தண்ணீரில்லாமல் ஓடுவது இவைதான் காயிலைக் கருக்கும் பெரிய காரணங்கள். ரீவைண்டிங் பட்டறைக்காரர்கள் கருகிய காயிலைப் பார்த்தே எது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இவற்றிலிருந்து காப்பாற்றத்தானே அந்தப் பெட்டியை வாங்கி மாட்டியது? ஆபத்து வந்த நொடியில் ரிலே இழுக்கவில்லை என்றால் காவல்காரன் தூங்கிவிட்டான் என்று பொருள். நாள்தோறும் வேலை செய்யும் சுவிட்ச் கோளாறானால் உடனே தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வேலை வரும் சுவிட்சின் கோளாறு அந்த ஒருநாள்தான் தெரியும். இருபதுக்கு ஒன்று என்ற கறாரான விகிதம் மிகையான எச்சரிக்கை என்று கருதுகிறவர்கள், பாதுகாப்புப் பெட்டியைப் பொறுத்தவரையிலாவது அந்தக் கருத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேட்டா ஷீட் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஐடிஐ பிள்ளை எப்படிப் படிப்பான் என்று கேட்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. இந்தக் கணக்குக்கு வேண்டியது அந்தத் தாளில் நான்கே எண்கள்: எவ்வளவு தாங்கும், தெவிட்டிய நிலையில் விகிதம் என்ன, பேஸில் எத்தனை வோல்ட் போகும், தகடு இல்லாமல் எத்தனை வாட். பத்து டிரான்சிஸ்டருக்கு இந்த நான்கையும் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுப் பயிற்சிக் கூடச் சுவரில் ஒட்டலாம். சொற்கள் புதிதாக உருவாக்க வேண்டியதுமில்லை, பள்ளிப் புத்தகத்தில் இருக்கின்றன. மாற வேண்டியது தேர்வுக் கேள்வி. பீட்டாவைத் தந்துவிட்டு வகுக்கச் சொல்வதை ஒலிபெருக்கிப் பாடத்தோடு நிறுத்திக்கொண்டு, சாவிப் பாடத்தில் இப்படிக் கேட்கலாம்: பிசி 547-இன் பீட்டா 110 முதல் 800 வரை எதுவாகவும் இருக்கலாம்; பலகை தருவது 3.3 வோல்ட், காயில் 70 ஓம், 5 வோல்ட், எந்த டிரான்சிஸ்டரை மாட்டினாலும் ரிலே இழுக்க என்ன ரெசிஸ்டர் போடுவாய், பலகையின் கால் அதைத் தாங்குமா? 71-ஐ இருபதால் வகுத்து 3.6, 2.6 வோல்ட்டை அதால் வகுத்து 720 ஓம். அதற்குக் கீழே கடையில் கிடைப்பது 680. அப்போது கால் தருவது நான்கு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, தாங்கும். நிறம் நீலம், சாம்பல், பழுப்பு.